வாழ்வோடு கலந்த சட்டம்

நுழையும்முன்

சட்டம் என்றதும் நீதிமன்றமும் காவல் நிலையமும் கறுப்பு அங்கியுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. வழக்கில் சிக்கியவர்க்கு மட்டுமே சட்டம் தேவை என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. காலையில் வாங்கும் பால் உறை, ஏறிச்செல்லும் ரயில், தங்கியிருக்கும் வாடகை அறை, இரவில் கைப்பேசியில் அனுப்பும் செய்தி என அன்றாடச் செயல்கள் அனைத்திலும் ஏதேனும் ஒரு சட்டம் உடன்வருகிறது. அதனைப் பல்கலைக்கழக மாணவர்க்கு அவர்களது வாழ்விலிருந்தே கற்பிக்கும் முறையையும், அக்கல்வி யாரிடம் சென்று சேர வேண்டும் என்பதையும் இவ்வுரைநடை விளக்குகிறது.

சாலையோரத்தில் ஒரு தயக்கம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் காட்டாங்குளத்தூர் வருகிறது. சாலையை ஒட்டியே புறநகர் ரயில்பாதையும் செல்கிறது. எஸ்.ஆர்.எம். அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் வளாகம் இப்பகுதியில் அமைந்துள்ளது. பொறியியல், மருத்துவம், மேலாண்மை, சட்டம் எனப் பல துறைகளைப் பயிலும் மாணவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் இங்கு வந்து தங்கியிருக்கின்றனர். சற்றுத் தெற்கே மறைமலைநகர்த் தொழிற்பேட்டை உள்ளது. மாணவர்களும் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் ஒரே சாலையைப் பகலிரவாகப் பயன்படுத்துகின்றனர்.

அச்சாலையில் ஒரு மாலைவேளையில் இருசக்கர வாகனம் ஒன்று சறுக்கி விழுவதாகக் கொள்ளலாம். ஓட்டியவர் நினைவிழந்து கிடக்கிறார். கூட்டம் கூடுகிறது. அருகில் நிற்கும் இரண்டு மாணவர்களுள் ஒருவர் அவரைத் தூக்க முனைகிறார். மற்றவர் தடுத்து, "வேண்டாம், நாம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போலீஸ் நம்மைத்தான் கேட்கும். பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்கிறார். அவரது தயக்கத்தில் சில நிமிடங்கள் கழிகின்றன. விபத்தில் சிக்கியவருக்கு அந்த நிமிடங்களே உயிர்.

தடுத்தவர் இரக்கமற்றவர் அல்லர். அவர் கேள்விப்பட்டிருந்த சட்டம் பழைய அச்சத்தின் வடிவில் இருந்தது. நடைமுறையில் உள்ள சட்டமோ வேறானது. காயமுற்ற எவருக்கும் முதலில் சிகிச்சை அளிப்பதே மருத்துவரின் கடமை என்றும், காவல்துறை நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை அந்நீதிமன்றம் 2016-இல் ஏற்று உறுதிசெய்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது அவ்வுதவியின்போது நேர்ந்த இழப்புக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க இயலாது என்று உறுதியளிக்கிறது. விபத்து நிகழ்ந்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று அச்சட்டமே வரையறுக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நிகழும் சாலை விபத்துகளில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது.

இச்செய்திகளை அந்த மாணவர் முன்னரே அறிந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். சட்டக்கல்வி சட்டக்கல்லூரியின் சுவர்களைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய காரணம் தேவையில்லை.

அறியாமை காரணமாகாது

சட்டத்தை அறியாதிருந்தேன் என்பது தவற்றுக்குக் காரணமாக ஏற்கப்படாது. உலகின் பல சட்டமுறைகளுக்கும் பொதுவான கொள்கை இது. இந்திய தண்டனைச் சட்டம் நடப்பு நிகழ்வு ஒன்றைப் பற்றிய பிழையான நம்பிக்கையை மன்னித்தது. சட்டத்தைப் பற்றிய பிழையான எண்ணத்தை மன்னிக்கவில்லை. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே நிலைப்பாட்டைத் தொடர்கிறது.

இக்கொள்கைக்கு நியாயம் உண்டு. 'அறியேன்' என்னும் சொல் ஏற்கப்படுமானால், குற்றம் செய்த அனைவரும் அதனையே சொல்லித் தப்பிவிடுவர். எனினும் இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டங்கள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றின் மொழி கடினமானது. பள்ளியிலும் கல்லூரியிலும் பெரும்பாலோர் அவற்றை முறையாகப் பயில்வதில்லை. அறிந்திருக்க வேண்டும் என்று அனைவரையும் கட்டாயப்படுத்தும் அரசுக்கும் சமூகத்துக்கும், அதனை அறிவிக்க வேண்டிய கடமையும் சேர்ந்தே உண்டாகிறது.

கல்லிலும் நூலிலும் எழுதிய விதிகள்

அக்கடமையைத் தமிழ் மண் முன்பே உணர்ந்திருந்தது. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விரிவாகக் கூறுகின்றன. உறுப்பினராவோர்க்கு வேண்டிய வயது, நிலவுடைமை, கல்வி ஆகியவற்றோடு, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்னும் தடையும் அவற்றில் இடம்பெற்றுள்ளது. சபையில் அனைவர்க்கும் அன்று இடமிருக்கவில்லை. எனினும், விதிகளைச் சபை கூடும் மண்டபத்தின் சுவரிலேயே பொறித்தது குறிப்பிடத்தக்கது. விதி மறைவாக இருப்பின் அதனை வைத்திருப்பவரே அதிகாரம் உடையவராவார். பொது இடத்தில் பொறித்த விதியை எவரும் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமாக மாறியபோது, சட்டம் மக்களிடமிருந்து மீண்டும் விலகியது. மாயவரத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை அந்த விலகலைக் குறைக்க முயன்றார். 1805 முதல் 1861 வரையிலான உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக வெளியிட்டார். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வாயிலாக 1879-இல் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற அவர், அதற்கு முன்னரே தமிழ்ச் சட்ட நூலாசிரியராக விளங்கினார். வழக்காடும் இருதரப்பினர்க்கும் புரியாத மொழியில் வழக்கு நடத்தலாகாது என்னும் கருத்தும் அப்புதினத்தில் இடம்பெற்றுள்ளது.

ஒரு நாளின் பதிவேடு

சட்டத்தைப் பிரிவு எண்களிலிருந்து கற்பித்தால் அது மனத்தில் நிற்பதில்லை. மாணவரின் ஒரு நாளிலிருந்து தொடங்குவது எளிய வழி. காலை எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை செய்த செயல்களை வரிசையாக எழுதச் செய்து, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதில் எனக்கு என்ன உரிமை? என்ன கடமை? தவறினால் யாரிடம் செல்வது?' என்னும் மூன்று வினாக்களை எழுதச் சொல்ல வேண்டும். பொத்தேரியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பொறியியல் மாணவியின் பதிவேடு பின்வருமாறு அமையலாம்.

முதலாவது, அறை. வாடகை வீடுகளுக்கெனத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களில் வாடகை உடன்படிக்கை எழுத்து வடிவில் அமைய வேண்டும் என்றும் அதனை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையை மிகக் கூடாது. வாடகைத் தகராற்றைக் காரணம் காட்டிக் குடிநீரையோ மின்சாரத்தையோ வீட்டு உரிமையாளர் துண்டிக்க இயலாது. 'வேறு உடன்பாடு இல்லாவிடில்' என்னும் சொற்களை மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். படித்துப் பாராமல் கையொப்பமிட்ட ஒரு தாள், சட்டம் தரும் பாதுகாப்பை அவரிடமிருந்தே எடுத்துவிடக்கூடும்.

இரண்டாவது, கடை. பொதிந்த பண்டத்தின் உறையில் அச்சிட்டுள்ள அதிகபட்சச் சில்லறை விலையில் வரிகள் அனைத்தும் அடங்கும். குளிரூட்டியதற்கு எனத் தனியாகக் காசு கேட்பது சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளுக்கு முரணானது. வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைநிற்கிறது. இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதிடவும் முடியும். இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரு சிறு தாள்தான். அது கடைக்காரர் தரும் ரசீது.

மூன்றாவது, ரயில் நிலையம். பயணச்சீட்டு வாங்கும்போது ரயில்வேக்கும் பயணிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உருவாகிறது. மேம்பாலத்தில் ஏறச் சோம்பித் தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தண்டத்தைவிட உயிரே பெரிது என்பதைப் புறநகர் ரயிலில் நாள்தோறும் செல்வோர் அறிவர். அதே சட்டம் பயணியைக் காக்கவும் செய்கிறது. ஆண் துணையின்றிச் செல்லும் பெண்ணிடமோ குழந்தையிடமோ பயணச்சீட்டு இல்லை என்பதற்காக, வழியிலுள்ள ஏதோ ஒரு சிறு நிலையத்தில் இரவுநேரத்தில் இறக்கிவிடுவதை 139-ஆம் பிரிவு தடுக்கிறது.

நான்காவது, கல்லூரி. புதிய மாணவரைக் கேலி என்னும் பெயரில் துன்புறுத்துவது விளையாட்டன்று. அது தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம், 1997-இன்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வளாகத்துக்கு வெளியே நிகழ்ந்தாலும் அது குற்றமே. பெண்கள் பணியிடத்திலும் கல்வி நிறுவனத்திலும் பாலியல் தொல்லை குறித்து முறையிட, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அக்குழுவினர் யாவர் என்பதை மாணவி முதல் நாளிலேயே அறிந்திருத்தல் நலம்.

ஐந்தாவது, கைப்பேசி. பிறரது பெயரில் கணக்குத் தொடங்கி ஏமாற்றுவதும், பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரியவை. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால்தான் பணம் கைமாறிச் செல்லுமுன் வங்கிவழி தடுக்க வாய்ப்புண்டு.

பதிவேடு இவ்வாறு நிறையும்போது, சட்டம் எங்கோ தொலைவில் உள்ள ஒன்று என்னும் எண்ணம் மாணவியிடம் மறைகிறது. தண்டனையைப் பற்றிய அச்சத்துக்கு முன்பாகவே உரிமையும் பொறுப்பும் பற்றிய தெளிவு உண்டாகிறது.

தெரியுமா?

தகவல் பெறும் உரிமைக்கென இந்தியாவிலேயே முதன்முதலில் மாநிலச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. அச்சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பதினெட்டு வயதின் வாசலில்

மேல்நிலை வகுப்பு மாணவருக்குப் பதினெட்டு வயது அண்மையில் உள்ளது. அந்த ஒரு நாளில் சட்டத்தின் பார்வையில் அவரது நிலை மாறுகிறது. 1988-இல் நிறைவேறிய 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியும் பதினெட்டிலேயே உண்டாகிறது. அதற்குட்பட்டவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதை 1903-இல் மோகிரி பீபி வழக்கின் தீர்ப்பு நிலைநாட்டியது. பதினெட்டு வயது நிறையாதோர் அனைவரையும் குழந்தைகளாகவே கருதிப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது.

வாகனம் ஓட்டும் வயதை மாணவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பதினாறு வயது நிறைந்தவர் 50 கன சென்டிமீட்டருக்கு மிகாத திறனுள்ள இருசக்கர வாகனத்தை மட்டுமே, அதுவும் உரிமம் பெற்று ஓட்டலாம். வீட்டிலுள்ள பெரிய வண்டியைப் பதினேழு வயது மகனிடம் பெற்றோர் அன்பின் காரணமாகக் கொடுப்பதுண்டு. அவ்வாறு கொடுத்த வண்டியால் அவர் குற்றமிழைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-அ பிரிவின்படி பெற்றோரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். வாகனப் பதிவு ஓராண்டு காலம் நீக்கப்படும். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தன் ஒரு மணி நேர மகிழ்ச்சிக்காகத் தாயோ தந்தையோ நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும் என்பதை அறிந்த மாணவர், சாவியைக் கேட்குமுன் சற்று எண்ணிப் பார்ப்பார்.

வகுப்பறைக்கு வெளியே ஒரு வகுப்பு

சட்டம் பயிலும் மாணவர் தாம் கற்றதைச் சமூகத்துக்குக் கற்பிக்கும்போது அவரது கல்வியும் ஆழமாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1972-இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் சட்ட மாணவர்கள் நகரப் பள்ளிகளுக்குச் சென்று, அன்றாட வாழ்வுக்குத் தேவையான சட்டத்தை எளிய முறையில் கற்பித்தனர். 'தெருச் சட்டம்' என்று பெயர் பெற்ற அம்முறை பின்னர்த் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

இந்தியாவில் இதற்கு அரசமைப்பே அடித்தளம் இட்டுள்ளது. 1976-இல் சேர்க்கப்பட்ட 39-அ உறுப்பு, பொருளாதாரக் குறைவினாலோ பிற இயலாமையினாலோ எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு இலவச சட்ட உதவி வழங்குமாறு அரசைப் பணிக்கிறது. அதனைச் செயற்படுத்த இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 நடைமுறைக்கு வந்த நவம்பர் 9 (1995), தேசிய சட்டப்பணிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக்கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமையவும் இயங்கவும் வழிகாட்டுவது தேசிய ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்று என்று அச்சட்டமே கூறுகிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளும் ஒவ்வொரு சட்டக்கல்வி நிறுவனமும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இத்தகைய மையத்தை நடத்த வேண்டும் என்கின்றன.

வழக்கறிஞராகப் பதிவுசெய்யாத மாணவர் நீதிமன்றத்தில் வாதிட இயலாது. ஆயினும் அதற்கு முந்தைய பணிகள் பல அவருக்கு உண்டு. அவற்றுள் முதன்மையானது கேட்டல். மையத்துக்கு வரும் மூதாட்டி ஒருவர் தம் குறையை நேர்கோட்டில் சொல்வதில்லை. கணவர் இறந்தது, வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்தது, மருமகளின் கடுஞ்சொல், கண் மங்கியது எல்லாம் கலந்தே வரும். இடையில் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையே சட்ட மாணவரின் முதல் பயிற்சி. அடுத்து, எப்போது என்ன நடந்தது என்பதை நாள் வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். அவரிடமுள்ள தாள்களைப் பார்வையிட வேண்டும். பின்னர், எந்தச் சட்டம், எந்த அலுவலகம் என்பதை ஆசிரியரோடு கலந்து முடிவுசெய்ய வேண்டும்.

அம்மூதாட்டிக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007 துணையாகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அவர் நேரடியாக மனு அளிக்கலாம். பிள்ளைகள் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருமாறு அத்தீர்ப்பாயம் ஆணையிட முடியும். பராமரிப்பதாக உறுதிகூறிப் பெற்ற சொத்தை, பராமரிக்கத் தவறினால் திரும்பப் பெறவும் அச்சட்டத்தில் வழியுண்டு. அத்தகைய நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். அதனால்தான் தாள்களைப் பார்வையிடும் பணி இன்றியமையாததாகிறது.

இறுதியாக, மாணவர் தாம் கண்டறிந்ததை அவருக்கு விளங்கும் தமிழில் திரும்பச் சொல்ல வேண்டும். 'மனுதாரர்', 'எதிர்மனுதாரர்', 'இடைக்கால நிவாரணம்' முதலிய சொற்களைத் தேர்வில் எழுதிய மாணவர், 'மாசாமாசம் உங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போடலாம், பாட்டி' என்று சொல்லக் கற்கிறார். சட்டம் உண்மையில் புரிந்துள்ளதா என்பதை அறிய இதனைவிடக் கடினமான தேர்வு வேறில்லை.

மறைமலைநகரில் ஊதிய நிலுவைக்காக அலையும் தொழிலாளி, வாரிசுச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் கைம்பெண், முன்பணம் திரும்பக் கிடைக்காத வெளிமாநில மாணவர் எனப் பலரது சிக்கல்களும் நீதிமன்றம் செல்லாமலேயே தீரக்கூடியவை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் ஆகியோர் தம் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உடையோர். இருதரப்பும் உடன்பட்டால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு காணலாம். அதன் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அங்கு முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

தெரியுமா?

சட்ட உதவிக்கு 15100, நுகர்வோர் குறைகளுக்கு 1915, இணையவழிப் பண மோசடிக்கு 1930, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, அவசர மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அரைகுறை அறிவின் இடர்

சட்டத்தைச் சிறிது அறிந்தவுடன் எல்லாரோடும் வாதிடத் தோன்றும். அறியாமையைப் போலவே அரைகுறை அறிவும் இடர் தரும். கடையில் அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்று கற்ற மாணவர், உணவகத்தில் அமர்ந்து உண்ணும்போது குடிநீர்ப் புட்டிக்குக் கூடுதல் விலை கேட்டதற்காகச் சண்டையிடலாம். ஆனால், உணவகம் பொருளை மட்டும் விற்பதில்லை. இடமும் பணியும் சேர்த்தே அளிக்கிறது என்பதால், அங்கு அவ்விலை வரம்பு பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. ஒரே புட்டிக்குக் கடையில் ஒரு விதியும் உணவக மேசையில் வேறு விதியும் பொருந்துகின்றன.

புலனக் குழுக்களில் பரவும் 'புதிய சட்டம்' என்னும் செய்திகளும் இத்தகையவையே. எந்த ஆண்டுச் சட்டம், எந்த மாநிலத்துக்கு உரியது, பின்னர்த் திருத்தப்பட்டதா என்று கேட்டறியும் பழக்கத்தைச் சட்டக்கல்வி உருவாக்க வேண்டும். எல்லாச் சட்டங்களையும் ஒருவர் மனப்பாடம் செய்தல் இயலாது. வழக்கறிஞர்க்கும் அது இயலாது. தமக்கு ஓர் உரிமை இருக்கக்கூடும் என்று ஐயுறவும், அதனை எங்கே சென்று உறுதிசெய்வது என்று அறியவும் முடிந்தால் போதும்.

சட்டத்தையும் வினவலாம்

சட்டத்துக்குப் பணிவது குடிமக்களின் கடமை. அச்சட்டமே அரசமைப்புக்கு முரணானால் அதனை வினவுவதும் அவர்தம் உரிமை. 2012-இல் சமூக ஊடகப் பதிவு ஒன்றுக்காக மகாராட்டிரத்தின் பால்கர் பகுதியில் இளம்பெண்கள் இருவர் கைதாயினர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவு அதற்குப் பயன்படுத்தப்பட்டது. செய்தியைக் கேட்ட சிரேயா சிங்கால் என்னும் இருபத்தொரு வயது இளம்பெண் அப்பிரிவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவர் அக்கைதால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர். அப்பிரிவின் சொற்கள் தெளிவற்றவை என்றும் பேச்சுரிமைக்கு முரணானவை என்றும் கூறி, 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது.

நீதிமன்றம் வகுப்பறையை மாற்றிய நிகழ்வும் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாகவே, எத்துறை மாணவராயினும் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயம் பயிலும் நிலை கல்லூரிகளில் உருவாயிற்று. காற்றும் நீரும் எல்லாருக்கும் பொது என்பதால் அப்பாடமும் பொதுவாயிற்று. அதே காரணம் சட்டத்துக்கும் பொருந்தும். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான 2018-ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் இந்திய அரசமைப்பு கட்டாயப் பாடமாக இடம்பெற்றது இத்திசையில் ஒரு தொடக்கம்.

நிறைவாக

காட்டாங்குளத்தூர்ச் சாலையில் தயங்கி நின்ற மாணவரின் நிலை, சட்டக்கல்வி தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. அவருக்குத் தேவைப்பட்டது பட்டமன்று. உதவுபவரைச் சட்டம் காக்கிறது என்னும் ஒரே ஒரு செய்திதான். அச்செய்தியைச் சட்ட மாணவர் ஒருவர் தம் விடுதி நண்பரிடம் சொல்லலாம். அந்நண்பர் தம் ஊரில் உள்ளோரிடம் சொல்லலாம். மேல்நிலை வகுப்பு மாணவர் தம் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லலாம். இவ்வாறு ஒருவர் மற்றொருவர்க்கு அறிவிக்கும்போது, சுவரில் பொறித்த விதி மனத்தில் பதிகிறது. அடுத்த முறை ஒருவர் சாலையில் விழுந்து கிடக்கையில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை நீளும். மற்றொரு கை 108-ஐ அழைக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு நாள் முழுவதும் நீங்கள் செய்யும் செயல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் உங்களுக்குள்ள உரிமையையும் கடமையையும் எதிரில் எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.

2. உங்கள் வீட்டில் உள்ள மின்கட்டண அட்டை, வாடகை உடன்படிக்கை, பொருள் வாங்கிய ரசீது ஆகியவற்றுள் ஒன்றைப் படித்து, அதில் விளங்காத சொற்களுக்கு எளிய தமிழில் பொருள் எழுதுக.

3. 'விபத்தில் உதவுவோரைச் சட்டம் காக்கும்' என்னும் செய்தியை உங்கள் ஊர் மக்களுக்கு விளங்கும் வகையில் சுவரொட்டியாக வடிவமைக்க.